பொருள்வயிற் பிரிவு: இரண்டு மதிப்பெண் வினா

அகநானூற்றில் மொத்தம் 400 பாட்டு. ஒற்றைப்படை எண்ணுள்ள பாட்டெல்லாம் பாலைத்திணை. ஒன்று, மூன்று, ஐந்து என்று எண்ணிக்கொண்டே போனால் 200 வரும். தொகுத்தவர்கள் பாதிப் புத்தகத்தைப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவுகளில் பெரும்பங்கு, பொருள் தேடிப் போகிறவனால் வருவது. வேலைக்காக ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்புவதும், பின்னால் நிற்பவர்கள் நாள் எண்ணுவதும் தமிழ் இலக்கியத்தின் ஓரத்தில் கிடக்கும் விஷயம் இல்லை. அதுதான் நடுவீடு.

நம் பள்ளிக்கூடத்தில் அது என்னவாக இருக்கிறது? 'பொருள்வயிற் பிரிவு – குறிப்பு வரைக.' இரண்டு மதிப்பெண். பாலைக்கு நிலம்: மணலும் மணல் சார்ந்த இடமும். பெரும்பொழுது: வேனில், பின்பனி. சிறுபொழுது: நண்பகல். உரிப்பொருள்: பிரிதலும் பிரிதல் நிமித்தமும். பிள்ளைகள் மனப்பாடம் செய்து, எழுதி, மார்க் வாங்கிவிடுகிறார்கள்.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கம் தமிழ் நடத்துகிறவன். என் வகுப்பில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. அதில் சிலருடைய அம்மா அப்பா இந்நேரம் குடகிலோ வயநாட்டிலோ மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தியிருப்பார்கள். இன்னும் சிலருடையவர்கள் பெங்களூருவில் ஏதோ ஒரு அடுக்குமாடியின் ஏழாவது தளத்துக்குச் செங்கல் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். பொங்கலுக்குப் போனவர்கள் பங்குனி, சித்திரையில் வருவார்கள். பின்பனி, வேனில் என்று கரும்பலகையில் எழுதிப்போடும் அதே மாதங்கள். பாலையின் நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, பாலைக்கு நிலம் எது என்று கேட்டு, மணல் என்று எழுதினால் ஒரு மதிப்பெண் கொடுக்கிறோம். இந்தக் கட்டுரை அந்த மதிப்பெண்ணுக்கு எதிரானது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை தேடிப் பிரியும் குடும்பங்களைப் பற்றிப் பள்ளியில் பாடமாக நடத்த வேண்டும். இரக்கப்படவோ எச்சரிக்கவோ அல்ல. கணக்கு, சட்டம், வரலாறு, இலக்கியம் என்று நாலு பாடவேளையிலும் நடத்த வேண்டும். நடத்தாமல் இருப்பதை நடுநிலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது நடுநிலை இல்லை, மேஸ்திரிக்குச் செய்யும் உதவி.

1

முதலில் காலண்டரைப் பார்ப்போம். பள்ளி ஜூனில் திறக்கிறது, டிசம்பரில் அரையாண்டு, மார்ச் ஏப்ரலில் பொதுத் தேர்வு. குடகிலும் சிக்கமகளூரிலும் காப்பிப் பழம் எடுப்பது நவம்பர், டிசம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மிளகு வரும். கரும்பு வெட்டும் செங்கல் சூளையும் மழை ஓய்ந்த பிறகு சூடுபிடித்துக் கோடை வரை ஓடும். இதில் எந்த வேலையை எடுத்தாலும் அது கல்வியாண்டின் இரண்டாம் பாதிக்குள் சரியாக வந்து உட்காருகிறது.

மலையில் வானம் பார்த்த பூமிதான் அதிகம். சாமை, மரவள்ளி, மானாவாரி நெல், கொஞ்சம் மஞ்சள். மரவள்ளி ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. விலையை இவர்கள் வைப்பதில்லை. அறுப்பு முடிந்தால் அடுத்த மழை வரை மண்ணில் வேலை கிடையாது. அந்த இடைவெளியில்தான் மேஸ்திரி மலையேறுகிறார். ஆடி, ஆவணியிலேயே அட்வான்ஸ் கொடுத்து வைத்திருப்பார். தை பிறந்ததும் வண்டி வரும்.

வண்டி வந்தால் வீட்டில் மூன்று வழி. பிள்ளையையும் கூட்டிப் போவது, ஆயாவிடம் விட்டுப் போவது, விடுதியில் விட்டுப் போவது. தொல்காப்பியம் பெண்ணோடு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்கிறது. அந்த உலகில் ஆண் போனான், பெண் காத்திருந்தாள். மிளகுத் தோட்டத்துக்கு இரண்டு பேரும் போனால்தான் கட்டுபடியாகும். அதனால் காத்திருக்கும் வேலை இப்போது பிள்ளைக்கும் கிழவிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

சங்க அகப்பாட்டில் யார் யார் பேசலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. தலைவன், தலைவி, தோழி, செவிலி, நற்றாய், கண்டோர். குழந்தைக்கு அதில் இடமில்லை. புதல்வன் வருவான், மடியில் இருப்பான், பேச மாட்டான். இரண்டாயிரம் வருஷம் கழித்துப் பிரிவின் முழு எடையும் யார் தலையில் விழுந்திருக்கிறதோ, அவனுக்கு இலக்கணத்தில் கூற்று இல்லை. வகுப்பறையிலும் இல்லை.

2

பள்ளிக்கூடம் இந்தப் பிரிவுக்கு வைத்திருக்கும் பெயர் 'இடைநிற்றல்'. சொல்லைக் கவனியுங்கள். நின்றது யார்? பிள்ளை. எழுவாய் அவன்தான். அட்வான்ஸ் கொடுத்தவர், லாரி அனுப்பியவர், மிளகு விற்றவர், யாரும் இந்த வாக்கியத்துக்குள் இல்லை. எமிஸில் பெயரைக் காமன் பூலுக்குத் தள்ளிவிட்டால் பள்ளியின் கணக்கு நேராகிவிடும்.

ஆசிரியர் அறையில் இதற்கு ஒரு உரை உண்டு. "இந்த மலைக்காரங்களுக்குப் படிப்போட அருமை தெரியாது சார். புள்ளைய ஹாஸ்டல்ல தள்ளிட்டுக் காசு சம்பாதிக்கப் போயிடுவாங்க." நல்லவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். பிள்ளைக்குத் தன் காசில் நோட்டு வாங்கிக் கொடுப்பவர்கள், காய்ச்சல் வந்தால் வண்டியில் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள். அதனால்தான் இந்தப் பேச்சு ஆபத்தானது. தாய்க்கு அக்கறை இல்லை என்ற தீர்ப்பு அன்பானவர்கள் வாயிலிருந்து வரும்போது பிள்ளை அதை நம்பிவிடுகிறது.

அடுத்தது வகுப்பறையின் நிரந்தர வசனம். "படிக்கலைன்னா கூலிக்குத்தான்டா போவ." சொல்பவருக்கு அது ஊக்கமூட்டும் பேச்சு. கேட்கும் பிள்ளையின் அப்பா அன்றைக்குக் கூலிக்குத்தான் போயிருக்கிறார். அந்தக் கூலியில் வாங்கிய செருப்பைத்தான் அது போட்டிருக்கிறது. நாம் கையில் எடுத்திருக்கும் பயமுறுத்தும் பொம்மைக்கு அப்பாவின் முகம். ஒரு பிள்ளை பள்ளியில் தொடர வேண்டுமானால் தன் வீட்டை வெறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நாம் ஏன் நிபந்தனை போடுகிறோம்?

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. இலங்கை 2013-இல் ஒரு விதி கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை உள்ள தாய் வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முடியாது, குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்றார்கள். தகப்பன்களுக்கு அந்த அறிக்கை இல்லை. 2022-இல் பொருளாதாரம் நொறுங்கி டாலர் தேவைப்பட்டபோது அந்த வயது ஐந்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. தாய்ப்பாசம் பற்றிய அரசின் கவலை அந்நியச் செலாவணி இருப்பைப் பொறுத்து ஏறி இறங்கியது. சீனாவில் ஊரில் விட்டுச் செல்லப்பட்ட பிள்ளைகள் ஆறு கோடிக்கு மேல் என்று அந்நாட்டு மகளிர் கூட்டமைப்பே 2013-இல் சொன்னது. ஆறு கோடிப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரே நேரத்தில் அக்கறை இல்லாமல் போயிற்று என்றால் அதை யார் நம்புவார்கள்?

3

தொல்காப்பியம் உலகை நிலமாகப் பிரிக்கும்போது நான்காகத்தான் பிரிக்கிறது. பாலைக்குத் தனி மண் இல்லை. இளங்கோ அதை விளக்குகிறார்: முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் தன்மை கெட்டுப்போன நிலைக்குத்தான் அந்தப் பெயர். பாலை பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறது. சிலப்பதிகாரத்தில் வெயில் ஆக்கியது. கல்வராயன் மலையை எது ஆக்கியது?

கல்வராயன் மலை குறிஞ்சி. கோமுகி ஆறு அங்கேதான் பிறக்கிறது. கச்சிராயபாளையம் பக்கத்தில் அணை கட்டித் தேக்கி, கீழே வயலுக்குப் பாய்ச்சுகிறோம். மலைக்கு மிச்சம் அருவி பார்க்க வருகிற கூட்டம். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடிக்கும் கேரளத்துக்கும் சம்பந்தம் இல்லை, மலையை ஆளுகிறவர் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிவந்து மலைக்கு ஒருவராகப் பிரிந்த அண்ணன் தம்பிகளின் வழி என்பது அவர்கள் சொல்லும் கதை. பிரிவு அவர்கள் தொன்மத்திலேயே இருக்கிறது. ஆனால் அது மலையை நோக்கி வந்த கதை. மலையை விட்டு இறங்கும் கதை வேறு.

இந்த மலை மூன்று ஜாகீர்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை அடைந்து ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, 1976-இல்தான் அரசு அதை முழுதாக ஏற்றது. அதுவரை ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழைப்பது மலைச்சனத்தின் கடமை. அதே 1976-இல்தான் நாடாளுமன்றம் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரே வருஷத்தில் ஜாகீரும் போயிற்று, சட்டப்படி கொத்தடிமையும் போயிற்று. பிறகு மேஸ்திரி வந்தார். முன்பணத்துக்கு உழைப்பை அடகு வைக்கும் ஏற்பாடு இடம் மாறி, மாநிலம் மாறித் தொடர்கிறது.

மிளகும் காப்பியும் பரவாயில்லை என்னுமளவுக்கு இன்னொரு வேலை இருந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களைச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள், பலர் மலைக் கிராமத்தவர்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. அவர்கள் கல்வராயன் மலையின் சேலம் பக்கத்தவர்கள். மரத்தை வாங்கிக் கப்பலேற்றுகிறவரின் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று யாரும் விசாரிக்கவில்லை. வெட்டப் போனவரின் பிள்ளை எங்கள் பள்ளிகளில்தான் படிக்கிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். உடனே கேமராக்கள் மலையேறின. அதுவரை ஊடகத்தில் இல்லாத கல்வராயன் மலை ஒரே வாரத்தில் சாராய மலையாகிப் போனது. அதற்குப் பிறகு சென்னை உயர்நீதிமன்றம் மலைமக்களின் வாழ்நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாலையும் ஆஸ்பத்திரியும் பள்ளியும் இல்லாத கதை நீதிமன்றம் வரை ஏற, கீழே அத்தனை பேர் சாக வேண்டியிருந்தது. இந்த வரலாற்றில் ஒரு வரிகூட மலைப் பிள்ளை படிக்கும் சமூக அறிவியல் வகுப்புக்குள் வருவதில்லை. தன் அப்பா ஏன் போனார் என்ற கேள்விக்குப் பள்ளி கொடுக்காத பதிலை ஊர் கொடுக்கும்: "உங்கப்பனுக்குத் துப்பில்ல."

4

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும்.

ஒன்று, "பிள்ளைகள் மனசு புண்படும்." புண் ஏற்கெனவே இருக்கிறது. பேசாமல் இருப்பதுதான் அதை வெட்கமாக மாற்றுகிறது. ஆனால் இதில் ஒரு எச்சரிக்கையை நான் ஏற்கிறேன். எழுந்து நின்று உன் கதையைச் சொல் என்று எந்தப் பிள்ளையையும் கேட்கக் கூடாது. 'புலம்பெயர்ந்த குடும்பத்தின் கண்ணீர்' என்று கட்டுரைப் போட்டி வைத்து, நன்றாக அழவைத்தவனுக்கு டிபன் பாக்ஸ் பரிசு கொடுக்கும் கூத்தும் வேண்டாம். இரக்கம் மேலிருந்து கீழே ஊற்றுவது. பாடம் நடத்தினால் போதும். தன்னைப் பற்றித்தான் பாடம் என்று தெரிந்துகொள்வது அந்தப் பிள்ளையின் உரிமை, கை தூக்குவதும் தூக்காததும் அதன் விருப்பம்.

இரண்டு, "இது அரசியல், பள்ளியில் வேண்டாம்." சரி, சட்டம் நடத்தலாமா? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 5ஆம் பிரிவு, வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும், அது கைக்கு வரத் தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. 9ஆம் பிரிவு, இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று பச்சையாகவே சொல்கிறது. குடகுக்குக் கூட்டிப்போகப்படும் பிள்ளையின் அம்மாவுக்கு இதை யார் சொல்லியிருக்கிறார்கள்? ஒடிசாவில் பெற்றோர் சூளைக்குப் போகும் மாதங்களில் பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்கப் பருவகால விடுதிகள் நடக்கின்றன. அதே ஒடிசாவிலிருந்து திருவள்ளூர் சூளைகளுக்கு வந்த பிள்ளைகளுக்கு நம் மாநிலத்திலேயே ஒடியா மொழியில் வகுப்பு நடந்திருக்கிறது. செய்ய முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை.

மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம் 1979-இல் வந்தது. ஒப்பந்தக்காரருக்கு உரிமம் வேண்டும். தொழிலாளிக்குப் படம் ஒட்டிய கைப்புத்தகம் வேண்டும், அதில் கூலியும் முன்பணமும் எழுதப்பட வேண்டும். பயணப்படி உண்டு, மாதக் கூலியில் பாதியளவு இடப்பெயர்வுப்படியும் உண்டு. அந்தக் கைப்புத்தகத்தைப் பார்த்த ஒரு ஆளை நான் மலையில் இன்னும் சந்திக்கவில்லை. இப்போது அந்தச் சட்டமே 2020-இன் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்து, 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஐந்து பேர் இருந்தாலே சட்டம் பொருந்தும் என்றிருந்தது பத்தாயிற்று. இடப்பெயர்வுப்படி காணாமல் போயிற்று. கொடுக்கப்படாமலே எடுக்கப்பட்ட உரிமை. தெரியாத ஒன்று தொலைந்தால் யார் தேடப்போகிறார்கள்?

மூன்று, "சிலபஸில் இல்லை." எட்டாம் வகுப்புக் கணக்கு சிலபஸில் இருக்கிறது அல்லவா? இதைப் போடுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து நாள்கூலி 900 ரூபாய். மாதம் 22 நாள் வேலை, நான்கு மாதம். அரிசி பருப்புக்கு மேஸ்திரி தினமும் 200 பிடிக்கிறார், வேலை இல்லாத நாளும் சேர்த்து 120 நாளுக்கு. முன்பணம் 30,000. கையில் எவ்வளவு வரும்? 79,200-இல் 24,000 போனால் 55,200. முன்பணம் போனால் 25,200. ஆளுக்கு ஒரு நாளைக்கு 105 ரூபாய். முன்பணத்தையும் சேர்த்தே கணக்குப் போட்டால்கூட 230. எண்கள் எடுத்துக்காட்டுக்கு நான் வைத்தவை, மலைப் பிள்ளைகள் தங்கள் வீட்டு எண்களை வைத்துப் போடட்டும். இந்தக் கணக்கைத் தானே போட்ட பிள்ளை "எங்கப்பாவுக்குத் துப்பில்ல" என்று இன்னொரு தடவை சொல்லாது. அடுத்த ஆடியில் மேஸ்திரி வரும்போது திண்ணையில் ஒரு நோட்டோடு உட்காரவும் கூடும்.

5

இதை வாசிக்கும் உங்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. 'பரதேசி' பார்த்து அழுதீர்கள். 'விசாரணை' பார்த்து இரண்டு நாள் தூங்கவில்லை என்று பதிவு போட்டீர்கள். அது குண்டூரில் மாட்டிக்கொண்ட தமிழ்க் கூலிகளின் கதை. அதே போனில் 'வடக்கன்' மீம் பகிர்கிறீர்கள். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவியபோது, அது பொய் என்று நிரூபிக்க மாநிலமே திரண்டது, நல்லது. ஆனால் அந்தப் பொய் ஏன் இத்தனை சுலபமாக நம்பப்பட்டது என்று யோசித்தோமா? ரயிலின் பொதுப்பெட்டியில் வந்து இறங்குகிறவனை நாம் பேசும் மொழி அதற்கு உரம் போட்டிருந்தது. குடகில் எஸ்டேட் லயத்தில் தங்கியிருக்கும் கல்வராயன் மலைக்காரரை அந்த ஊர்க்காரர் எந்தச் சொல்லால் குறிப்பிடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். வடக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

இதனால்தான் இந்தப் பாடம் மலைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. காலையில் மிளகு போட்ட வெண்பொங்கல் சாப்பிட்டு வரும் நகரத்துப் பிள்ளைக்கு இது இன்னும் அவசியம். பிரிவின் மறுமுனை அதன் தட்டில் இருக்கிறது.

தமிழாசிரியர்களுக்குக் கடைசியாக ஒன்று. நாம் பாலையைக் கண்ணீராகவே நடத்திப் பழகிவிட்டோம். அந்தப் பாட்டுகளில் பின்னால் நிற்பவர்கள் அழுகிறவர்கள் மட்டும் இல்லை, வாதாடுகிறவர்கள். தோழி தலைவனை மறித்துக் கேள்வி கேட்கிறாள். எவ்வளவு சம்பாதித்தால் போதும், போய் வருவதற்குள் இழப்பது எவ்வளவு என்று கணக்குக் கேட்கிறாள். போகக் கிளம்பியவன் போகாமல் நின்றுவிடுவதற்கு 'செலவழுங்கல்' என்று தனித்துறையே இருக்கிறது. 301 அடி ஓடும் பட்டினப்பாலை முழுவதும், காவிரிப்பூம்பட்டினமே கிடைத்தாலும் வரமாட்டேன் என்று ஒருவன் நின்றுவிட்ட பாட்டுதான். போகாமல் இருக்கும் உரிமையைப் பற்றி இவ்வளவு பேசிய இலக்கியத்தை வைத்துக்கொண்டு, போவதைத் தலைவிதி என்று நடத்துவது எந்த ஊர்த் தமிழ்?

மலையில் வருஷம் முழுக்க வேலையும், மரவள்ளிக்கு விலையும், 2006 வன உரிமைச் சட்டப்படி நிலத்துக்குப் பட்டாவும் இருந்தால் தைமாத வண்டியில் ஏறாமல் நிற்கலாம். அதற்குப் பெயர் செலவழுங்கல். பிரிவைப் பற்றிய வினாவை அழித்துவிட்டு வினாத்தாளில் இதைக் கேளுங்கள்: உன் ஊரில் ஒருவர் வேலைக்காக வெளியூர் போகாமல் இருக்க என்னென்ன இருக்க வேண்டும்? அவற்றைத் தர வேண்டியவர்கள் யார் யார்?

எட்டு மதிப்பெண். பக்க வரையறை இல்லை.